வீடு கட்டறீங்களா? முதல்ல தண்ணியைப் பேசுங்க!

கோயமுத்தூரில் யார் வீடு கட்டினாலும் இன்ஜினியரிடம் மணிக்கணக்கில் பேசுவது இரண்டே விஷயம்: வாஸ்து, எலிவேஷன். தண்ணீர்? "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்பதோடு சரி. வாஸ்துக்காரர் சம்ப்பை ஈசானி மூலையில் வை என்பார், எத்தனை லிட்டர் என்று சொல்லமாட்டார் :)

என்னைக் கேட்டால் முதல் பேச்சே அதுதான். நம்மூரில் இரண்டு தண்ணீர். குடிக்க சிறுவாணியோ பில்லூரோ. பல ஏரியாக்களில் அது தினமும் வராது. மற்றதற்கு போர்வெல் உப்புத்தண்ணி. இரண்டுக்கும் தனி டேங்க், தனி பைப் என்று பிளானிலேயே குறிக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டியபிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

அப்புறம் ரேட். 'சதுர அடிக்கு இவ்வளவு' என்பதில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு பெரும்பாலும் சேராது. எழுதி வாங்காவிட்டால், பேங்க் லோன் தீரும் நேரத்தில் சுருங்குவது சம்ப்தான். பிறகு லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கணும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயம். ஆனால் பேருக்கு ஒரு குழி தோண்டி மூடிவிடுகிறார்கள். 1000 சதுர அடி மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே சுமார் 900 லிட்டர்! மாடித்தளத்தின் வாட்டம் எந்தப் பக்கம், பைப் எங்கே இறங்குகிறது என்று கான்கிரீட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.