தேசத்தைப் பாராத தேசபக்தி

தமிழ்நாட்டின் புராதனச் சின்னங்களைச் சுற்றிக் காட்டுவதாகப் பிரயாணக் கம்பெனிகள் செய்யும் விளம்பரங்கள் இப்போது எங்கும் காணப்படுகின்றன. திருச்சியில் தொடங்கி, தஞ்சையைப் பார்த்து, புதுக்கோட்டையைக் கடந்து, காரைக்குடியில் தங்கி, மதுரையில் முடிவது அநேகமாக இவற்றின் மார்க்கம். காலையில் கோயில், நடுப்பகலில் அந்தந்த ஊர்ச் சாப்பாடு, மாலையில் கோட்டை என்று பொழுது வகுக்கப்படுகிறது. இதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. மேடையில் தேசத்தின் பெருமையைப் பேசிவிட்டுத் தமது ஜில்லாவிலுள்ள குகைக்கோயிலை எட்டியும் பாராதவர்கள் நம்மில் ஏராளம். அவர்களைக் காட்டிலும் காசு கொடுத்தாவது ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்கள் மேலானவர்களே.

ஆனால், இந்த யாத்திரைகளில் புதுக்கோட்டைக்குக் கிடைக்கும் பங்கு என்ன? பெரும்பாலும் அரை நாள். சித்தன்னவாசலில் ஒரு மணி நேரம். பிறகு காரைக்குடி ரஸ்தாவில் போகிற போக்கில் திருமயம் கோட்டையைச் சுட்டிக்காட்டுதல். இரவு தங்குவது வேறு ஊர். சாப்பிடுவது வேறு ஊர். செலவிடும் பணம் போய்ச் சேருவதும் வேறு ஊர். புதுக்கோட்டைக்கு மிஞ்சுவது வண்டி கிளப்பிய புழுதி. இந்த நிலைமை மாற வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

இவ்வளவு அலட்சியத்துக்குரிய பிரதேசமா புதுக்கோட்டை? 1948-ம் ஆண்டு மார்ச் 3-ம் தேதி இந்திய யூனியனில் இணைந்து, திருச்சி ஜில்லாவில் அடங்கி, 1974-ல் தனி மாவட்டமான இப்பழைய சமஸ்தானத்துக்குள் தமிழரின் இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரம் கல்லில் கிடக்கிறது. சித்தன்னவாசல் குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளையர் செய்துகொடுத்த இருக்கை அது என்று அங்குள்ள பழந்தமிழ் எழுத்துக்கள் கூறுகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இந்நாட்டார் இடங்கொடுத்த செய்தி அல்லவா இது? விருந்தோம்பலைப் பற்றி இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

குன்றின் அடிவாரத்துக் குடைவரையில், தாமரைத் தடாகமும், அதில் மீனும் அன்னமும் யானையும், பூக்கொய்யும் அடியார்களும் விதானத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் 9-ம் நூற்றாண்டில் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு உண்டு. குடுமியான்மலையில் ஏழு பண்களின் சுரங்களைப் பாறையிலே பொறித்து வைத்திருக்கிறார்கள்; இந்தியச் சங்கீத சரித்திரத்துக்கு அதற்கு ஈடான கல் சாசனம் வேறில்லை. கொடும்பாளூரில் இருக்குவேளிர் தலைவனான பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் இன்றும் நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழியைக் கூறும் சிலப்பதிகாரமும் இவ்வூரைக் குறிப்பிடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலை உலகம் அறியும். 1987-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் 1010-ல் நிறைவேறிய அந்த மகா கோபுரத்தைக் கண்டு வியக்கிறவர்கள், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்திய நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரத்தைப் பார்த்தாலன்றித் தமிழன் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதை எப்படி அறிவார்கள்? சதுரமான சுவருக்குள் வட்டமான கருவறை அமைந்த அந்தச் சிறு கோயில், பாறைச் சரிவில் தனியே நின்றுகொண்டிருக்கிறது. விளைவைப் பார்த்துவிட்டு வித்தைப் பாராமல் திரும்புவது சரித்திர அறிவாகாது.

போஜன விஷயத்திலும் இப்படித்தான். கும்மாயம், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி ஆகியவற்றை விளம்பரங்கள் காரைக்குடியின் சொத்தாகவே கூறுகின்றன. நகரத்தார் ஊர்களான ராயவரமும் கோனாபட்டும் ராங்கியமும் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் மீனும் நண்டும் இறங்குகின்றன. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாச்சுளையின் இனிமையைத் தின்றவர்கள் அறிவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே மரங்களை வேரோடு சாய்த்த பிறகு, குடியானவர்கள் மறுபடியும் நட்டுப் பாடுபட்டு வருகிறார்கள். ஆவுடையார்கோயிலிலோ சோறே வழிபாடு. புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் ஆவி பறக்கக் கொட்டிப் பரப்ப, அந்த ஆவியே ஆத்மநாதருக்கு நிவேதனம். கூடவே கீரையும் பாகற்காயும். ஏழைக் குடியானவன் வீட்டு உணவை இறைவனுக்கு ஏற்றதாகக் கருதிய அந்த ஊரைக் காட்டிலும் உணவின் பெருமையை எடுத்துச் சொல்லத் தக்க ஸ்தலம் எது?

இவ்வளவையும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நிற்பது நமது நோக்கமன்று. காட்டப்படும் பொருளுக்கும் அதன் அருகே வாழும் ஜனங்களுக்கும் நாம் செய்யவேண்டிய கடமைகள் உண்டு.

முதலாவது, மலை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமும் கல் உடைப்பும் கூடாதென்று சட்டம் இருக்கிறது. ஆனால் கோயில் மாத்திரம் நின்று, கோயிலைப் பெற்ற குன்றுகள் ஜல்லியாகிப் போனால் எதைக் காட்டப் போகிறோம்? 2025 ஜனவரியில் திருமயம் பகுதியில், சட்ட விரோதமான கல் குவாரிகளைப் பற்றி ஓயாமல் புகார் செய்துவந்த ஒருவர் லாரி மோதி மாண்டார். அது விபத்தன்று, கொலை என்று போலீஸார் வழக்குப் பதிந்து, குவாரிக்காரர்களைக் கைது செய்தனர். வழக்கின் முடிவை நியாயஸ்தலம் சொல்லட்டும். மலையைக் காப்பாற்ற எண்ணுகிறவன் உயிருக்கு அஞ்சி நடக்கவேண்டிய இடத்தில், சர்க்கார் யாத்திரை விளம்பரம் செய்வது பொருத்தமா என்று மட்டும் கேட்கிறோம்.

இரண்டாவது, வாசலும் குவளையும். 2022 டிசம்பரில் இறையூர் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்து நாடு தலைகுனிந்தது. குற்றவாளி யார் என்ற வழக்கில் நாம் புகவில்லை. ஆனால், அதை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சித் தலைவரிடம் வேறு இரண்டு முறையீடுகளும் வந்தன: டீக்கடையில் தங்களுக்குத் தனிக்குவளை, ஊர் அய்யனார் கோயிலுக்குள் தங்களுக்கு இடமில்லை. ஆட்சித் தலைவரே அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் 1939-ல் ஹரிஜனங்களுக்குத் திறந்த பிறகு 83 ஆண்டுகள் கழித்து நடந்த சம்பவம் இது! கடல் கடந்து வருகிறவனுக்கு அகலத் திறக்கும் கதவு, அந்த ஊரிலேயே பிறந்தவனுக்குச் சாத்தியிருந்தால், அதைப் பாரம்பரியம் என்று சொல்ல நா கூசவேண்டும். ஒரே குவளையில் எல்லோருக்கும் தண்ணீர் கொடாத ஊரின் விருந்து, எத்தனை ருசியாயிருந்தாலும் விருந்தாகாது.

மூன்றாவது, சரித்திரத்தை மறைக்காமல் சொல்வது. திருமயம் கோட்டை 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது. அதே ஊரில் 1887-ல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்தார். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்குலத்தின் விலங்கை ஒடித்தார். இவற்றை உரக்கச் சொல்லுவோம். கட்டபொம்மன் 1799-ல் பிடிபட்டதும் இந்தச் சமஸ்தானத்து மண்ணிலேதான். அதையும் ஒளிக்காமல் சொல்லுவோம். வெட்கத்தையும் பெருமையையும் சேர்த்துத் தாங்கத் தெரிந்த ஜாதியே சுதந்திரத்துக்கு உரிய ஜாதி.

செய்யவேண்டியது கஷ்டமான காரியமன்று. புதுக்கோட்டையையே தங்கும் ஊராகக் கொண்டு மூன்று நாள் யாத்திரை ஏற்படட்டும். முதல் நாள், 1910-ல் தோன்றிய திருக்கோகர்ணத்து மியூஸியத்தைப் பார்த்துப் பொருள் தெரிந்துகொண்டு, பிறகு சித்தன்னவாசலும் குடுமியான்மலையும். இரண்டாம் நாள் நார்த்தாமலையும் கொடும்பாளூரும். மூன்றாம் நாள் திருமயமும் ஆவுடையார்கோயிலும். இவற்றை இணைக்கும் பஸ்களைச் சர்க்கார் விடட்டும். சாப்பாட்டை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்பிக்கலாம். படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் வாலிபர்களுக்குக் கல்வெட்டு வாசிக்கவும் சரித்திரம் சொல்லவும் பயிற்சி அளிக்கலாம். குடிநீர், நிழல், கழிப்பிடம் மூன்றையும் பஞ்சாயத்துக்கள் பொறுப்பேற்கட்டும். வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்கே சேரட்டும். கோயிலால் ஊருக்குச் சோறு கிடைக்குமானால், குன்றை உடைக்க வருகிறவனை அந்த ஊரே தடுத்து நிறுத்தும். ஆயிரம் காவற்காரர்கள் செய்யமுடியாத வேலை அது.

சர்க்கார் செய்யட்டும் என்று நமது ஊழியர்கள் சும்மா இருப்பது தகாது. மகாநாடு என்றால் பட்டணத்துக்கு ஓடுகிறவர்கள், வருஷத்தில் ஒரு முறை தங்கள் கிளைச் சங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு நார்த்தாமலைப் பாறை மீது நடந்து வரட்டும். கற்படுக்கையில் தன் பெயரைக் கீறுகிறவனைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்தட்டும். அந்த ஊர் வீட்டிலேயே சாப்பிட்டு, அதற்கு நியாயமான விலை கொடுத்து, ஊர்க்காரர் யாவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா என்று பார்த்துவிட்டு வரட்டும். உட்காரவில்லையென்றால், அவர்கள் செய்யவேண்டிய தேசிய வேலை அங்கேயே காத்திருக்கிறது.