ஓசை நுழையும் வழிகள்

வெயிலைத் தடுக்கக் கூரை அமைக்கிறோம். கொசுவைத் தடுக்க வலை அடிக்கிறோம். தெருவின் இரைச்சலை மட்டும் விதியென்று ஏற்றுக் கொள்கிறோம். ஆனால் அதையும் ஓரளவு வாசலிலேயே நிறுத்தி வைக்க வழியுண்டு. பெரும் பொருட்செலவும் தேவையில்லை.

ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஊத்துக்கோட்டை. சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இவ்வழியே போகின்றன. சாலையோர வீடுகளில் இஷாவுக்குப் பின் படுத்தவர் சுபுஹுக்கு எழும்வரை எத்தனை முறை விழித்தார் என்பதை அவரே அறியார். கைக்குழந்தையும் நோயுற்ற முதியவரும் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும்தான் இதில் மிகுதியாக வாடுகின்றனர்.

ஓசையை டெசிபல் என்னும் அளவால் அளக்கின்றனர். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. உறங்கும் அறைக்குள் 30 டெசிபலே ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஓசை ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். ஆகவே பத்து டெசிபலைக் குறைப்பதுகூடப் பெரும் ஆறுதலே.

நமக்கு அண்மையிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி மக்கள், அருகிலிருந்த சர்ச் ஆஃப் காட் ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் குறித்து முறையிட்டனர். 1996இல் அதிகாரிகள் அளந்து பார்த்தபோது, இரைச்சலுக்குக் காரணம் சாலையில் ஓடும் வாகனங்களே என்றும் அறிக்கை தந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தில், ஒலியைக் கட்டுப்படுத்தும் உத்தரவை அந்நீதிமன்றம் 30.8.2000 அன்று உறுதி செய்தது. இதில் இரு பாடங்கள் உள்ளன. ஒலிபெருக்கியைச் சட்டம் அடக்கும். சாலையின் இரைச்சலுக்கோ நம் வீட்டிலேயே அணை போட வேண்டும்.

அந்த அணையை எங்கே போடுவது? ஓசை காற்றைப் போன்றது. சிறு சந்து கிடைத்தாலும் நுழைந்துவிடும். பூசப்பட்ட ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபலைத் தடுக்க வல்லது. ஆனால் பத்தடிக்குப் பத்தடி உள்ள அச்சுவரில் ஒரு சதுர அடி வெண்டிலேட்டர் திறந்திருந்தால், முழுச் சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நூற்றில் ஒரு பங்கு ஓட்டை, மற்ற தொண்ணூற்றொன்பது பங்கின் உழைப்பையும் வீணாக்கிவிடுகிறது! ஆகவே சுவரைத் தடிமனாக்கப் பணம் தேடுமுன் ஓட்டைகளைத் தேடுங்கள்.

வீடு முழுவதையும் அடைக்க முயல வேண்டாம். தெருவுக்கு எட்டிய, பின்கட்டில் உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். திண்ணை, நடை, கூடம் எனக் கடந்து உள்ளறையை அடையும் பழைய வீடுகளில் ஓசை ஒவ்வொரு தடுப்பிலும் தேய்ந்தே உள்ளே வரும். அந்த அமைப்பு புதிய வீட்டிலும் பயன் தரும்.

தேர்ந்த அறையின் கதவு உள்ளீடற்ற மெல்லிய பலகையாக இருந்தால், கனமான மரக்கதவாக மாற்றுங்கள். நிலைக்கும் கதவுக்கும் இடையே ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கதவின் அடியிலுள்ள இடைவெளியையும் ரப்பரால் மூடுங்கள். தெருப்பக்க வெண்டிலேட்டரைச் செங்கல் வைத்துப் பூசிவிடலாம். சன்னலின் உட்புறம், முதற்கண்ணாடியிலிருந்து நான்கங்குலம் தள்ளி, இரண்டாவது கண்ணாடிக் கதவு பொருத்துங்கள். இரு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனில் இருப்பது நலம். தெருப்பக்கச் சுவரை ஒட்டிப் புத்தகங்கள் நிறைந்த அலமாரியை வைப்பதும் சிறிது உதவும்.

முட்டை அட்டைகளையும் தெர்மாகோலையும் சுவரில் ஒட்டினால் ஓசை நின்றுவிடும் என்று சிலர் நம்புகின்றனர். அறைக்குள் எழும் எதிரொலியை அவை ஓரளவு குறைக்கலாம். வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுக்க எடை வேண்டும், அவற்றுக்கோ எடையில்லை.

ஓர் எச்சரிக்கை: அடைத்த அறைக்கும் காற்று வேண்டும். கொல்லைப்புறச் சன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையை ஒருபோதும் அடைக்காதீர்கள். எரிவாயு கசிந்தால் வெளியேற வழியின்றி உயிருக்கே ஆபத்தாகும்.

இனி நம் வீட்டில் பிறந்து அண்டை வீட்டுக்குப் போகும் ஓசையையும் எண்ணுவோம். தண்ணீர் மோட்டாரின் அதிர்வு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் பரவும். அதன் அடியில் கனத்த ரப்பர் துண்டு வையுங்கள். மிக்சி, கிரைண்டர், தையல் இயந்திரம் ஆகியவற்றைப் பொதுச்சுவரில் முட்டாமல் நகர்த்தி, அடியில் தடித்த விரிப்பு இடுங்கள். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணிக்கு மேல் அவசியமின்றி வாகன ஒலிப்பானை அழுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் கூறியது. கல்யாண வீட்டில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு அலறுமானால், பக்கத்து வீட்டு நோயாளியின் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

நாற்பது பிள்ளைகள் ஒருங்கே உரக்க ஓதும் அறையில் நாளைக் கழிப்பவன் நான். உரத்த ஓசை என்றாலே தீது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வோசைக்கும் ஒரு வேளை, ஓர் எல்லை உண்டு. குரலைத் தாழ்த்திக் கொள்ளுமாறு லுக்மான் அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் நம் வீடுகளுக்கும் உரியதே. கதவிடுக்கை அடைக்க ஒரு முழ ரப்பர் போதும்; அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் காக்க அதுவும் வேண்டாம், நம் விரல் ஒலிக்குமிழைச் சற்றே திருப்பினால் போதும்.