எலுமிச்சம்பழமா? சீட் பெல்ட்டா?

திருமழிசையில் பெங்களூர் செல்லும் பெரிய ரஸ்தாவின் ஓரம் சற்று நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை விளங்கும். புதுக் கார் ஒன்று வருகின்றது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் துலங்குகின்றன. இவ்வளவு "காப்பும்" செய்துகொண்ட கனவான், தன் தோளருகே தொங்கும் சீட் பெல்ட்டை மாத்திரம் மாட்டிக்கொள்ளுவதில்லை. போலீஸ்காரரைக் கண்டால் மாட்டுகின்றார். அவரைத் தாண்டியதும் கழற்றி விடுகின்றார். ஆபத்து போலீஸ்காரரிடத்திலா இருக்கின்றது, ரஸ்தாவிலா இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் உள்ளிருப்பவரும் அதே வேகத்தில்தான் ஓடுகின்றார். மோதினால் வண்டி நிற்குமேயொழிய அவர் நிற்கமாட்டார். அவரைக் கண்ணாடி நிறுத்தவேண்டும், அல்லது பெல்ட் நிறுத்தவேண்டும். முன் ஆசனக்காரர் சாகும் அபாயத்தை பெல்ட் சுமார் 45 சதவிகிதம் குறைப்பதாக அமெரிக்க சர்க்கார் கணக்கிட்டிருக்கின்றது. ஏர்பேக் இருக்கின்றதே என்பாருமுண்டு. அது பெல்ட்டுக்குத் துணையே தவிர பதிலாகாது. பெல்ட் இல்லாதவர் முன்னே பாய்ந்து, வெடித்து விரியும் பையிலேயே மோதிக் காயப்படவும் கூடும்.

பின் ஆசனத்தில் பயமில்லை என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. 2022 செப்டம்பர் 4-ல் மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே பெரும் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்துச் சுவரில் மோதிற்று. முன்னிருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னிருந்த இருவரும் மாண்டார்கள். பின்னிருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். விலை உயர்ந்த வண்டியும் பணமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அந்த 2022-ம் வருஷத்தில் மாத்திரம் நம் நாட்டில் பெல்ட் அணியாமல் மாண்டவர்கள் 16,715 பேர் என்பது சர்க்கார் கணக்கு. இதில் ஏறக்குறைய சரிபாதிப் பேர் வண்டி ஓட்டாத பிரயாணிகள்.

"எல்லாம் தலைவிதி" என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். விதியை நம்புகிறவர் பிரேக்கை ஏன் கழற்றி எறியவில்லை? பிரேக்குக்கு அறிவு, பெல்ட்டுக்கு விதியா?

இன்னும் வெட்கக்கேடு, பெல்ட் போடாவிட்டால் எழும் மணியை ஏமாற்ற ஒரு கொக்கி விற்கப்பட்டு, 2023-ல் அதன் விற்பனையைச் சர்க்கார் தடுக்கவேண்டி வந்ததாகும். எச்சரிக்கின்ற மணியின் வாயை அடைத்துவிட்டால் சாவின் வாய் அடைபட்டுவிடுமா?

1959-ல் வால்வோ கம்பெனியின் நீல்ஸ் பொலின் என்ற இஞ்சினியர் இந்த மூன்று முனைப் பெல்ட்டை அமைத்தார். கம்பெனியார் அதை மற்றவர்களும் உபயோகிக்க விட்டுவிட்டார்கள். அறிவைப் பூட்டி வைக்காமல் பொதுவாக்கியதால் இன்று ஏழை ஏறும் வாடகைக் காரிலும் அது தொங்குகின்றது.

பெல்ட் அணிந்த எல்லோரும் பிழைப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. பிழைக்கும் வழியை அது பெரிதும் கூட்டுகின்றது என்றே சொல்லுகின்றோம். பழத்தைப் பற்றி அவ்வளவாவது சொல்ல யாராலாகும்? ஆகவே தோழர்களே! வண்டி நகருமுன் உங்கள் பெல்ட்டை மாட்டுங்கள். பின்னாலிருக்கும் மனைவி மக்களையும் மாட்டச் சொல்லுங்கள். அபராதத்திற்காக அல்ல, உங்கள் உயிருக்காக.