ஆள்பவர் அடிக்கும் கலகமணி

மெக்சிகோ விடுதலை பெற்றது 1821 செப்டம்பர் 27 அன்று. அந்நாட்டு மக்கள் கொண்டாடுவதோ அதற்குப் பதினோரு ஆண்டு முந்தைய ஒரு விடியற்காலையை. 1810 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான திட்டம் அம்பலமாகிவிட்டது என்று ஹோசெஃபா ஒர்த்திஸ் என்ற பெண்மணி அனுப்பிய எச்சரிக்கை வந்து சேர்ந்ததும், டோலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகேல் இதால்கோ தேவாலய மணியை அடிக்கச் செய்தார். கூடிய சனம் படையாகக் கிளம்பியது. மறு ஆண்டு ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். துண்டித்த தலை குவானாஹுவாத்தோ நகரத் தானியக் கிடங்கின் மூலையில் கூண்டுக்குள் பத்து ஆண்டுகள் தொங்கியது.

ஆண்டுதோறும் செப்டம்பர் 15 இரவு 11 மணியளவில், தேசிய மாளிகையின் மாடத்தில் நின்று அதிபர் அந்த டோலோரெஸ் மணியையே கயிறு இழுத்து அடிக்கிறார். விடுதலை வீரர்களின் பெயர்களைச் சொல்லி 'வாழ்க' என்கிறார். கீழே சோகாலோ சதுக்கத்தில் திரண்டவர்கள் திருப்பி முழங்குகிறார்கள். மறுநாள் ராணுவ அணிவகுப்பும் உண்டு. அது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அரசின் தலைவரே அரசை எதிர்த்தவரின் இடத்தில் நின்று, கலகத்துக்கு அழைத்த மணியை அடிப்பது அரிது. தேசிய விழாவுக்கு இதைவிட நேர்மையான சடங்கு எனக்குத் தெரியவில்லை.

இதால்கோ அன்று என்ன பேசினார் என்பதற்கு உறுதியான பதிவில்லை, ஆளாளுக்குப் பெயர்களைச் சேர்க்கிறார்களே என்பார்கள். சேர்க்கட்டுமே. 2025இல் முதல் பெண் அதிபர் கிளாடியா ஷெயின்பாம் மணியடித்தபோது, ஹோசெஃபாவைக் கணவரின் குடும்பப் பெயரால் சொல்லாமல் பிறந்த வீட்டுப் பெயரால் வாழ்த்தினார். சொற்கள் கல்வெட்டாக இறுகியிருந்தால் அதற்கு இடம் இருந்திருக்காது.

வலுவான மறுப்பு வேறு: இது அதிகாரத்தின் நாடகம் என்பது. பொய்யில்லை. டோலோரெஸிலிருந்து மணியை 1896இல் தலைநகருக்குக் கொண்டுவரச் செய்தவர் போர்ஃபிரியோ தியாஸ். சுமார் முப்பது ஆண்டுகள் நாட்டைப் பிடியில் வைத்திருந்தவர். கலகக்காரரின் மணி தன் மாளிகையில் தொங்கினால் தன் ஆட்சிக்கும் அந்தப் புகழ் ஒட்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் மணிச்சத்தம் அடிப்பவருக்கு மட்டும் கேட்பதில்லை. 1910 செப்டம்பரில் நூற்றாண்டு விழாவை ஆடம்பரமாக நடத்தி அவர் அந்த மணியை அடித்தார். நவம்பரில் புரட்சி வெடித்தது. 1911 மே மாதம் பதவி விலகி, கப்பலேறி நாட்டை விட்டே போனார்.