ஆற்றுக்கு நிதி கேட்கிறீங்களா? கரண்ட் பில்லையும் சேர்த்துக் கேளுங்க!

ஒவ்வொரு வருஷமும் ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் ஒரு விஷயத்தை நீங்களும் கவனிச்சிருப்பீங்க. மெக்கானிக்கல் ஸ்டாலுக்குப் போனாலும் சரி, இ.சி.இ. ஸ்டாலுக்குப் போனாலும் சரி, குப்பை அள்ளும் படகு ஒண்ணு கட்டாயம் இருக்கும். முன்னாடி ஒரு கன்வேயர் பெல்ட், மேலே சோலார் பேனல், உள்ளே ஆர்டுயினோ. பின்னாடி போஸ்டரில் "கூவத்தை மீட்போம்". போஸ்டரின் கடைசியில் ஒரு வரி: "போதிய நிதி கிடைத்தால் பெரிய அளவில் செயல்படுத்தலாம்."

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நிதி கிடைத்தால் என்ன ஆகும்? கூவத்துக்கு நிதி கிடைக்காமலா இருந்தது?

முதலில் படகு விஷயத்தை முடிச்சிடுவோம். படகு அள்ளுவது மிதக்கிற பொருளை. பிளாஸ்டிக் பாட்டில், தெர்மோகோல், ஆகாயத்தாமரை. ஆனால் ஆற்றைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்திருக்கும் கழிவு. அதைப் பாக்டீரியா செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தப் பகுதியை மிக மோசமான முதல் பிரிவில் சேர்த்துவிடும். அதே வாரியத்தின் 2022 அறிக்கையில் ஆவடியில் இருந்து சத்யா நகர் வரையிலான கூவத்துக்கு என்ன அளவு தெரியுமா? 345. நாட்டிலேயே அதிகம். சாதாரண வீட்டுச் சாக்கடையிலேயே பெரும்பாலும் 200, 300 என்றுதான் இருக்கும். அதாவது இது சாக்கடை கலந்த ஆறு கூட இல்லை, சாக்கடையேதான். இதில் பாட்டிலை அள்ளி என்ன பண்றது?

சரி, நிதிக்கு வருவோம். 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோதே கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. படகு விடுவதற்காகத் துறைகள் கட்டினார்கள். படகுப் போக்குவரத்து நிலைக்கவில்லை. பிறகும் பல திட்டங்கள். நம்ம தலைமுறையில், சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை மூலமாக ரூ.604.77 கோடியில் கூவத்துக்கு ஒரு ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. பணமே ஒதுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உடனே நம்ம ஆட்கள் சொல்ற பதில்: "எல்லாம் ஊழல் மச்சான்." இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வது ரொம்ப வசதியானது, நாம யோசிக்கவே வேண்டாம். ஒரு நிமிஷம், ஒரு ரூபாய்கூட திருடு போகவில்லை என்று வெச்சுக்குவோம். அப்பவும் ஆறு சுத்தமாகி இருக்குமா?

கங்கையைப் பாருங்க. கங்கைச் செயல்திட்டம் 1986-ல் தொடங்கியது. மத்திய அரசு பணத்தில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. கட்டடம் வந்தது, பம்பு வந்தது, திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் அதை ஓட்டும் செலவு மாநிலங்களின், உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. அவர்களிடம் அதற்குப் பணம் இல்லை. பல நேரம் கரண்டும் இல்லை. பல நிலையங்கள் சரியாக ஓடவில்லை, சில சும்மாவே நின்றன. அந்த நேரமெல்லாம் சாக்கடை நேராக கங்கைக்குத்தான் போனது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. ஆற்றைச் சுத்தம் செய்வது பாலம் கட்டுவது மாதிரி இல்லை. பாலத்துக்கும் பராமரிப்பு வேண்டும்தான். ஆனால் ஒரு மாசம் கவனிக்காவிட்டால் பாலம் விழுந்துவிடாது. சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாள் நின்றால், அன்றைக்கே ஆறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன் மின்செலவில் பெரும்பங்கு காற்றூட்டத்துக்குத்தான் போகிறது. பிளோயர் நின்றால் பாக்டீரியா சாகும். திரும்ப வளர்த்தெடுக்க நாள் கணக்காகும்.

ஆனால் நிதி கொடுப்பவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள்? முடிவு தேதி உள்ள வேலைக்கு. தூர்வாருதல், வேலி, நடைபாதை, பூங்கா. போட்டோ எடுக்கலாம், கல்வெட்டு வைக்கலாம், நிதியாண்டு முடிவதற்குள் கணக்கு ஒப்படைக்கலாம். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதியும் அப்படித்தான். விதிப்படி, ஒரு தொடர் திட்டம் தொடங்கிய ஆண்டைத் தவிர மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மூணு வருஷத்தில் நிதி நிற்கும். நாம ஃப்ளஷ் பண்றது நிற்குமா?

நம்ம பிரசன்டேஷன்களில் எல்லாம் சோல் நகரத்து சியோங்கியேசியோன் ஓடையின் படம் தவறாமல் வரும். மேம்பாலத்தை இடித்துவிட்டு 2005-ல் மீட்டெடுத்த ஓடை, 5.8 கி.மீ. நீளம். அந்த ஸ்லைடில் வராத விஷயம், அங்கே ஓடும் தண்ணீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றில் இருந்து பம்பு செய்யப்படுவது. அதற்கான செலவை அந்த மாநகரம் வருஷா வருஷம் கொடுக்கிறது. நாம அழகை மட்டும் காப்பி அடிக்கிறோம், பில்லை விட்டுடுறோம்.

அப்போ நல்ல விண்ணப்பம் எப்படி இருக்கணும்? என் கருத்து மூணு.

ஒன்று, கட்டும் செலவுக்குப் பக்கத்திலேயே 15 வருஷத்துக்கு ஓட்டும் செலவும், அதைத் தரப்போவது யார் என்பதும் இருக்கணும். இது கனவு இல்லை. 2016-ல் கங்கைத் திட்டத்துக்காக ஒரு புதிய முறைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கட்டுமானச் செலவில் 40 சதவீதம் மட்டும் கட்டும்போது கிடைக்கும். மீதி 60 சதவீதம் 15 வருஷத்துக்குத் தவணையாக வரும், அதுவும் நிலையம் ஒழுங்காக ஓடினால்தான். நம்ம ஊரிலும் வழி இருக்கு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-ல் தொடங்கிய நிலையங்கள் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஒரு நாளில் மறுசுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கக்கூடியவை. சாக்கடையே தன் செலவில் ஒரு பங்கைச் சம்பாதிக்க முடியும்.

இரண்டு, வெற்றியை அளப்பது ஆற்றில் இருக்கணும். எத்தனை கி.மீ. தூர்வாரினோம், எத்தனை மரம் நட்டோம் என்பதெல்லாம் நாம செஞ்ச வேலையின் கணக்கு. பி.ஓ.டி. எவ்வளவு குறைஞ்சது என்பதுதான் ஆற்றின் கணக்கு.

மூன்று, மனிதர்கள். கூவம் திட்டத்தில் 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கரையில் இருந்து மாற்றுவதாகக் கணக்கு. பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று ஊரின் கடைசிக்குப் போனவர்களுக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுபோனது. வெள்ளத்தில் இருந்து அவர்களைக் காக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு கெட்டதற்குக் குடிசைகள் மட்டுமா காரணம்? கரையில் இருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் அபார்ட்மென்ட்களின், கடைகளின் கழிவும் மழைநீர் வடிகால் வழியாக அங்கேதான் வருகிறது. "ஆக்கிரமிப்பு அகற்றுதல்" என்று ஒரே வரியில் ஏழைகளை எழுதிவிட்டு, கழிவை அனுப்பும் மற்றவர்களை விட்டுவிடும் விண்ணப்பம் நேர்மையானது இல்லை.

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது, ஸ்டூடன்ட்ஸ் நாம என்ன பண்ண?" என்று கேட்பீங்க. நிறைய பண்ணலாம். எந்த விண்ணப்பத்துக்கும் முதலில் தேவை, இன்றைய நிலை என்ன என்ற தரவு. ஆற்றின் ஒரு கிலோமீட்டரை எடுத்துக்குங்க. எத்தனை குழாய், எத்தனை வடிகால் வந்து கலக்குது, மழை இல்லாத நாளிலும் எதில் தண்ணி ஓடுது என்று ஒரு மேப் போடுங்க. காலை ஆறு மணிக்கும் மதியமும் அளவு எப்படி மாறுதுன்னு பாருங்க. சிவில் டிபார்ட்மென்ட் லேபில் இன்குபேட்டர் இருக்கு, 27 டிகிரியில் மூணு நாள் வெச்சா பி.ஓ.டி. தெரிஞ்சிடும். ஆற்றில் இறங்காதீங்க, பாலத்தில் இருந்து வாளி கட்டி எடுத்தாலே போதும். இதற்கு ஆகும் செலவு, அந்தப் படகின் மோட்டார் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எக்ஸ்போவில் பார்க்க அவ்வளவு கெத்தாக இருக்காது, ஒத்துக்கிறேன். ஆனால் நாளைக்கு நிதி கேட்கிற யாருக்கும் அந்த மேப் உதவும், படகு உதவாது.

தேர்ட் இயர் படிக்கிற தம்பி, தங்கைகளே, உங்களுக்கு அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்பாங்க. அதற்கு முன்னாடி ஒரு சின்ன வேலை செய்யுங்க. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு கழுவுற தண்ணி கேட்டைத் தாண்டி எங்கே போகுதுன்னு கண்டுபிடிங்க. வார்டன் சார்கிட்ட கேளுங்க, பிளம்பர் அண்ணன்கிட்ட கேளுங்க, வடிகாலைத் தொடர்ந்து நடந்தே போய்ப் பாருங்க. அந்தப் பதில்தான் உங்க விண்ணப்பத்தின் முதல் பக்கம்.