பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

சம்பளச் சீட்டு வந்ததும் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி வரியை மட்டும்தான்: கைக்கு எவ்வளவு? வங்கிக்கு வந்த தொகையோடு அது ஒத்துப்போனால் திருப்தி. உண்மையில் கவனிக்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் 'பிடித்தங்கள்' பகுதி. அதுவும் உங்கள் பணம்தான். இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது.

முதலில் மூன்று தொகைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்ந்தது 'கிராஸ்'. அதில் பிடித்தம் போக மிஞ்சுவது 'நெட்'. வேலை உத்தரவில் கண்ணைப் பறிக்கும் 'சி.டி.சி.' என்பதோ உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும், பல இடங்களில் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் அதில் அடக்கம். சி.டி.சி.யை 12-ஆல் வகுத்து மனக்கணக்குப் போட்டவர்கள் முதல் மாதமே ஏமாறுவது இதனால்தான்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், பி.எஃப்.புக்கு உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பிடிப்பார்கள். நிறுவனமும் 1,800 ரூபாய் தர வேண்டும். இதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 550 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இதைச் செலுத்தியாக வேண்டும்.

அடுத்தது டி.டி.எஸ். உங்கள் ஆண்டு வருமானத்தை நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டு, வரியைக் கணக்கிட்டு, மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. தனியார் நிறுவனங்கள் இதை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிடிப்பது ஒரு காரியம், கட்டுவது வேறு காரியம். பணமுடையில் இருக்கும் நிறுவனம் முதலில் கைவைப்பது இந்தத் தொகையில்தான். சீட்டில் பிடித்தம் ஒழுங்காகத் தெரியும்; அரசின் கணக்கில் வரவு இருக்காது. விவரம் அறியாத ஊழியருக்கு ஒருநாள் வரித் துறையிடமிருந்து நோட்டீஸ் வரும்.

அப்போது பயந்துபோய் இரண்டாம் முறை வரி கட்டிவிடாதீர்கள். சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். அப்படிப்பட்ட பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015-இல் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் பிடித்தார்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி, நீங்கள் படிக்காமல் மூடிவைக்கும் அதே சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான்.

பி.எஃப். விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. ஊழியரின் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். புகாரை பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கலாம்.

ஆகவே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பி.எஃப். பாஸ்புக்கைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வருமான வரி இணையதளத்தில், '26 ஏஎஸ்' என்று பழகிப்போன அறிக்கையில் உங்கள் பான் எண்ணுக்கு எவ்வளவு வரவு வந்திருக்கிறது என்று பாருங்கள். டி.டி.எஸ். விவரத்தை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்கின்றன என்பதால், சில வாரத் தாமதம் சகஜம். அதற்கு மேலும் வரவு இல்லையென்றால் கணக்குப் பிரிவுக்கு எழுத்து மூலம் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

வேலையை விட்டு விலகுபவர்கள் இதைக் கடைசி நாளுக்கு முன்பே செய்வது உத்தமம். வெளியே வந்தபின் பதில் கிடைப்பது அவ்வளவு சுலபமல்ல.