டில்லிக்கு மூன்று மணி! மயிலாப்பூருக்கு எத்தனை மணி?

சென்னையிலிருந்து டில்லி ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 1,760 கிலோ மீட்டர். விமானம் மூன்று மணிக்குள் போய்விடுகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ரயிலோ சுமார் 2,180 கிலோ மீட்டர் ஓடி, 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ரயிலில் போகும் தொழிலாளிக்கு ஒன்றரை நாள் கூலி போச்சு. தியாகராய நகர் கனவானோ வீட்டில் காலைக் காப்பி குடித்துவிட்டு, பகல் சாப்பாட்டை டில்லியில் முடித்துக்கொள்கிறார்.

"தூரம் சுருங்கிவிட்டது!" என்று பூரிக்கிறார்கள். யாருக்குச் சுருங்கியது?

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பாத்திரம் துலக்கும் நம் சகோதரிகளைக் கேளுங்கள். அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் குடியிருந்து, வேலைக்கு நடந்தே போனவர்கள் அவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சர்க்கார் அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது. அதற்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். வேலை மயிலாப்பூரில், வீடு இருபது கிலோ மீட்டருக்கு அப்பால்! பஸ்ஸுக்குக் காத்து நிற்பதையும் சேர்த்தால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி.

கணக்குப் போடுங்கள். தினம் மூன்று மணி என்பது டில்லிக்குப் பறக்கும் நேரம். மாதம் 26 நாள் வேலை என்றால் 78 மணி. எட்டு மணி வேலை நாள் கணக்கில் ஏறக்குறைய பத்து நாள் உழைப்பு! இதற்கு எந்த எஜமானி சம்பளம் தருகிறாள்?

"பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே" என்பார்கள். 2021 முதல் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை, வரவேற்கிறோம். காசு மிஞ்சியது. குழந்தையோடு இருக்கவேண்டிய மூன்று மணி மிஞ்சியதா?

"ஏழையும் விமானம் ஏறலாம்" என்று 2016-ல் உடான் திட்டம் அறிவித்தார்கள். சில வழித்தடங்களில், சில ஆசனங்களுக்கு, ஒரு மணி நேரப் பறப்புக்கு அன்று வைத்த வரம்பு சுமார் 2,500 ரூபாய். ஒரு வீட்டில் எத்தனை நாள் பாத்திரம் துலக்கினால் அந்தக் காசு சேரும்?

இன்னொன்றும் கேளுங்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் 13 கிராமங்களின் நிலத்தின் மேல் கை வைத்தார்கள். ஏகனாபுரம் மக்கள் 2022-ல் எதிர்த்துக் கிளம்பினார்கள். பட்டாதாரருக்காவது நிலத்தின் விலை உண்டு. பட்டா இல்லாத கூலியாள் எங்கே போவான்? அவனும் ஒரு நாள் பெரும்பாக்கத்துப் பஸ்ஸுக்குத்தான் நிற்கவேண்டும்!

விமானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. ஓடுபாதை போட்டவனும் தொழிலாளிதான். பணக்காரனின் நிமிஷத்தை மிச்சப்படுத்தக் கோடி கோடியாய்க் கொட்டும் சர்க்கார், உழைப்பாளியின் மணிகளைக் குப்பையில் கொட்டுவதையே எதிர்க்கிறோம்.

வேலைக்குப் பக்கத்திலேயே வீடு கொடு! காலை மாலை பஸ்களை அதிகப்படுத்து! விளைநிலத்தில் கை வைக்காதே!

ஆலையிலும் வயலிலும் இக்கோரிக்கைகளை முழங்குவோம், தோழர்களே!